புரோமீன் எங்கே போனது?

மகனுக்கு ஸலாம்.

நலம்தானா என்று கேட்டுத் தொடங்கும் வழக்கத்தை இந்தக் கடிதத்தில் விட்டுவிடுகிறேன். இன்று காலையில்தான் நீ உன் உம்மாவோடு வீடியோவில் கதைத்தாய். நான் அறைக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "வாப்பா எங்க?" என்று நீ கேட்டபோது, "தொழப் பள்ளிக்குப் போயிட்டாரு மகன்" என்று அவள் பொய் சொன்னாள். சொல்லச் சொன்னது நான்தான். உன் முகத்தைப் பார்த்துக் கதைக்க முடியாத ஒரு விஷயம் நமக்கிடையில் கிடக்கிறது. அது என்னவென்று உனக்கு அன்றைக்கே தெரியும். எனக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் உனக்குத் தெரியாது. நேரில் சொல்லப் போனால் பாதியிலேயே "பரவாயில்ல வாப்பா, விடுங்க" என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தில் அது நடக்காது. அதனால் எழுதுகிறேன், முழுதாக வாசி.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நான் உன்மேல் பொறாமைப்படுகிறேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்னாக இருப்பதுதான் வயிற்றெரிச்சல். முப்பது வருடம் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தேன். ஊக்கிகள் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் ஒரு நீளக் கோடு கீறுவேன், அது உலோகம். கோட்டுக்கு மேலே இரண்டு வட்டம், அவை மூலக்கூறுகள். பிறகு ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் இரண்டு வட்டமும் ஒட்டிக்கொண்டிருக்கும். "நடுவில என்ன நடந்த சேர்?" என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். "அத ஒருத்தரும் கண்ணால கண்டதில்ல, நம்பிக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவேன். சொல்லும்போது எனக்குள் சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. எனக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது என்பதில் ஒரு நியாயம் இருந்ததே.

மூன்று வருடத்துக்கு முன் ஜேர்மனியிலிருந்து நீ முதல் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாய். செப்பின் மேற்பரப்பு, அதன்மேல் வரிசையாக மூலக்கூறுகள். சூடாக்குவதற்கு முன்னால் ஒன்று, சூடாக்கிய பிறகு ஒன்று. முதல் படத்தில் தனித்தனியாக நின்றவை இரண்டாவதில் கைகோத்துச் சங்கிலியாக நின்றன. "வாப்பா, நீங்க கீறுற அம்புக்குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்" என்று கீழே எழுதியிருந்தாய். மாஷா அல்லாஹ் என்று பதில் போட்டேன். போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். காற்றே இல்லாத ஒரு எஃகுக் கூட்டுக்குள், நினைத்துப் பார்க்க முடியாத குளிரில், நுனியில் ஒரே ஓர் அணு நிற்கும் ஊசி அந்தச் செப்பைத் தொடாமல் மேலே போய்வருமாம். இடைவெளியில் பாயும் துளி மின்னோட்டத்தை வைத்து மேடு பள்ளத்தை வரி வரியாகக் கீறித் தருமாம். நீ போனில் இதை விளக்கியபோது நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஓடியது ஒன்றுதான். எனக்குக் கிடைக்காத கண் இவனுக்குக் கிடைத்துவிட்டது.

உனக்குச் சொல்லி வளர்த்த ஒரு கதையையும் இங்கே திருத்த வேண்டும். எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, இரண்டு தங்கைமாருக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டியிருந்ததால் போகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். பெண்பிள்ளைக்கு வீடு கட்டாமல் மாப்பிள்ளை எடுக்க முடியாத ஊர் நம்முடையது, அதனால் கேட்டவர்கள் எல்லோரும் நம்பினார்கள், உன் உம்மாவும் நம்பினாள். வீடு கட்டியது உண்மை. ஆனால் உன் பெரியப்பா "நீ போ தம்பி, நான் பாத்துக்கொள்றன்" என்று சொன்னதும் உண்மை. அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பயமாக இருந்தது மகன். புதிய ஊர், புதிய பாஷை, அங்கே நான் கெட்டிக்காரன் இல்லை என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். இங்கே இருந்தால் எப்போதும் கெட்டிக்காரன். அந்தப் பயத்துக்குத் தியாகம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ பயப்படாமல் விமானம் ஏறியபோது, என் தியாகத்தின் சாயம் எனக்கே வெளுத்துப் போனது.

இதற்குமேல் உன் மாமனார். உன் கலியாணப் பேச்சுக்கு அவர் மருதமுனையிலிருந்து வந்த நாளை நினைத்துப் பார். நீ மடிக்கணினியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினாய். எட்டுத் தறி வைத்துச் சாரனும் சாரியும் நெய்விக்கிற மனிதர், இரசாயனம் ஓர் எழுத்தும் படிக்காதவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது தறியில பாவு நூல் பூட்டின மாதிரி இரிக்கு மருமகன். இந்த இடத்துல மட்டும் வரிச ஒண்டு விலகிப் போயிருக்கு" என்று விரலை வைத்தார். நீ கதிரையை விட்டு எழும்பிவிட்டாய். "ஓம் மாமா! அது செப்பில ஒரு படி. அந்தப் படியிலதான் இரசாயனத் தாக்கம் முதல்ல தொடங்கும்!" என் போனில் அந்தப் படம் அதற்கு முன்பே வருடக்கணக்காகக் கிடந்தது. நூறு தடவை பார்த்திருப்பேன். அந்த விலகல் என் கண்ணில் பட்டதே இல்லை. பிறகு அவர் அதைப் பெரிதாக அச்சடித்து, மகளுக்குக் கட்டிய புதுவீட்டு மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டினார். வருகிறவர்களிடம் "மருமகன்ட வேல" என்றார். நம் வழக்கப்படி மாப்பிள்ளை போய் இருக்கப் போவது பெண் வீட்டில். ஆளும் அங்கே, படமும் அங்கே. உன் உம்மா அழுதாள், அது தாயின் அழுகை. நான் அழவில்லை, எனக்கு எரிந்தது.

இந்த எரிச்சலோடுதான் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, பாடசாலை மண்டபத்துக்கு உன் பேச்சைக் கேட்க வந்தேன். நான் படிப்பித்த அதே பாடசாலை. உயர்தர மாணவர்கள், ஆசிரியர்கள், முன் வரிசையில் உன் மாமனார், அவருக்குப் பக்கத்தில் பல்கலைக்கழக விரிவுரையாளர். நீ அவருடைய பல்கலைக்கழகத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாய், நேர்முகத் தேர்வில் கேள்வி கேட்க உட்காரப் போகிறவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியும். நீ அழகாகக் கதைத்தாய். நான் முப்பது வருடம் சொன்ன அதே விஷயத்தை நீ சொன்னாய், ஆனால் என் வகுப்பில் தூங்குவதுபோல் அங்கே ஒருவரும் தூங்கவில்லை. சங்கிலிப் படத்தை நீ திரையில் போட்டதும் மண்டபமே "ஆ" என்றது. அந்த "ஆ"வை என்னால் தாங்க முடியவில்லை. பேச்சு முடியுமுன்பே எழும்பிவிட்டேன்.

"ஒரு கேள்வி" என்றேன். "தாக்கத்துக்கு முந்தி ஒவ்வொரு மூலக்கூறிலயும் ரெண்டு புரோமீன் இரிக்கு எண்டு செல்றீங்க. சங்கிலியில புரோமீன் இல்ல. அப்ப அந்தப் புரோமீன் எங்க போன? இடப்பக்கம் போனது வலப்பக்கம் வரோணும். இது சின்ன வகுப்புப் பாடம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு எவ்வளவு இனித்தது என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. நீ கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். "நல்ல கேள்வி வாப்பா. அத நான் பாக்கல்ல. போய்ப் பாத்துட்டுச் செல்றன்" என்றாய். அதோடு நன்றி சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாய். வெளியே வந்ததும் என் பழைய மாணவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "சேர் சேர்தான்" என்றான் ஒருவன்.

அதோடு நின்றிருந்தால் இது அறியாமை என்று போயிருக்கும். நான் நிறுத்தவில்லை. கலியாண வலீமா விருந்தில் சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். நீ, நான், உன் மாமனார், அந்த விரிவுரையாளர், இன்னும் இருவர். ஒரே தட்டில் ஆறு கை. ஒருவர் முடிக்காமல் மற்றவர் எழும்புவது மரியாதையில்லை, ஆகவே நான் சொல்வதைக் கேட்பதைத் தவிர யாருக்கும் வழியில்லை. புரோமீன் கதையை முதலிலிருந்து சொன்னேன். சிரிப்பு வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். விரிவுரையாளர் தலையாட்டினார். "ஓம் சேர், அண்டைக்கு நானும் கவனிச்ச. ஆள் கெட்டிக்காரன்தான், கொஞ்சம் அவசரம் போல" என்றார். நீ மாப்பிள்ளை உடுப்போடு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். இறைச்சியைப் பிய்த்து, எலும்பில்லாத துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவைத்தாய். நான் அதையும் எடுத்துச் சாப்பிட்டேன்.

அந்த விரிவுரையாளர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்காமல் இல்லை. அவசரக்காரன் என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டால் நேர்முகத் தேர்வில் அது உன் கழுத்துக்கு வரும். வேலை கிடைத்தால் நீயும் மருமகளும் திரும்பி வந்து அவள் வீட்டில் வாழலாம், கிடைக்காவிட்டால் அந்தப் புதுவீடு பூட்டித்தான் கிடக்கும். அன்றைக்கு என் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன், இதைவிடக் கேவலமான ஒன்றை நான் எழுதப் போவதில்லை. கிடைக்காவிட்டால் என்ன, என் வீட்டில் இல்லாதவன் மாமனார் வீட்டிலும் இல்லாமல் இருக்கட்டுமே என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையின் பிழைப்பை வைத்து ஒரு தகப்பன் இப்படி நினைப்பானா என்று கேட்பாய். நினைத்தேன். நினைத்துவிட்டுக் கை கழுவ எழும்பினேன்.

நீங்கள் இருவரும் விமானம் ஏறி நாலாம் நாள், பாடசாலைக் கணினி ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். "சேர், மகன் அண்டைக்கு விட்டுட்டுப் போன பென்டிரைவ்" என்று தந்தார். உனக்கு ஒரு வார்த்தை அறிவித்துவிட்டு எடுத்து வைத்திருக்க வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு திறந்து பார்த்தேன். வேறு என்னவெல்லாம் பிழை விட்டிருக்கிறாய் என்று தேடத்தான் திறந்தேன், அதையும் மறைக்கவில்லை. உன் பேச்சுக்கான படங்களில் பதினான்காவது அந்தச் சங்கிலி. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். பதினைந்தாவது ஒன்று இருந்தது. அதே சங்கிலி, இன்னும் பெரிதாக. சங்கிலிகளுக்கு இடையில் செப்பின் மேல் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டிருந்தாய். ஓரத்தில் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதியிருந்தாய்: "புரோமீன் எங்கும் போகவில்லை. கழன்று செப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது." அதற்குக் கீழே இன்னொரு வரி. "போனது எங்கே என்று எப்போதும் கேள் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் இந்தப் பாடசாலையின் இரசாயன ஆசிரியர், என் வாப்பா."

உன் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன, முகம் ஒரு மாதிரி?" என்றாள். "ஒண்டுமில்ல" என்றேன். ஒரே ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால் நீ என்னை அந்த மண்டபத்தில் மண்ணாக்கியிருக்கலாம். ஆளை மடக்க எழும்பியவனுக்கு, பதில் அடுத்த படத்தில் தயாராக இருந்தது, அதுவும் நன்றி சொல்லி. நீ ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உன்னை அவசரக்காரன் ஆக்கிக்கொண்டாய். எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை மகன், கோபம். இவன் பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டானே என்று. பொறாமைக்கு அடிமட்டம் கிடையாது, தோண்டத் தோண்ட வரும். வெட்கம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தது.

சபையில் செய்ததைச் சபையில்தான் தீர்க்க வேண்டும். பாடசாலை அதிபரிடம் போய், போன முறை வந்த எல்லோரையும் ஒரு மணித்தியாலத்துக்குத் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். மாணவர்கள் வந்தார்கள். விரிவுரையாளருக்கும் உன் மாமனாருக்கும் நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், அவர்களும் வந்தார்கள். பதினைந்தாவது படத்தைத் திரையில் போட்டேன். கீழே உள்ள அந்தக் கடைசி வரியை மறைத்துவிடலாமா என்று நினைத்தேன், மனம் வரவில்லை. அதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் ஒரு மூலையில் இருந்தது, நான் திருந்திய லட்சணம் அவ்வளவுதான். "அண்டைக்கு நான் கேட்ட கேள்விக்குப் பதில் இது. என்ட மகனிட்ட இது அண்டைக்கே இருந்த. அவர் அவசரப்படல்ல. அவசரப்பட்டது நான். பேச்ச முடிக்க விடாம எழும்பினது நான்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் லேசாக இருந்திருக்கும்.

உன் மாமனார்தான் கேட்டார். "அப்ப ஏன் மருமகன் அண்டைக்கே இதச் செல்லல்ல?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. "என்னெ வெட்கப்படுத்த அவருக்கு மனம் வரல்ல" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "அவன் என்ட மருமகன்" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "என்ட" என்றதும் எனக்கு அங்கேயும் சுருக்கென்றது. விரிவுரையாளர் என்னைத் தனியாக அழைத்து, "சேர், நீங்க இவ்வளவு செய்யத் தேவையில்ல" என்றார். "தேவ" என்றேன். அவர் அந்தப் படத்தைத் தன் போனில் பிடித்துக்கொண்டு போனார். நேர்முகத் தேர்வில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கெடுத்ததில் எவ்வளவு சீராகியிருக்கிறது என்றும் தெரியாது. கிடைத்தால் மருதமுனையில் போய் இரு, அந்த மனிதர் உன் வேலையைப் பார்க்கத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமைகளில் இங்கே சாப்பிட வா. அதற்குமேல் கேட்க எனக்கு வாயில்லை.

மன்னிப்பு என்று ஒன்று கேட்க வேண்டும், கேட்கிறேன். ஆனால் உன்மேலும் எனக்கொரு முறைப்பாடு இருக்கிறது. நீ செய்தது நல்லது என்று ஊரே சொல்லும், எனக்கு அது வலித்தது. உன் பேராசிரியரோடு நீ தினமும் சண்டை பிடிப்பாயாம், போன வாரம் அவர் கீறிய வரைபடத்தை எல்லோர் முன்னாலும் பிழை என்று சொன்னாயாம், அவர் எழும்பி வந்து உன் முதுகில் தட்டினாராம். மருமகள் உன் உம்மாவிடம் சொல்லிச் சிரித்தது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. என்னிடம் மட்டும் நீ சண்டை பிடிக்கவில்லை. நான் தாங்கமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாய். எலும்பில்லாத துண்டாகப் பார்த்துக் கொடுத்தாய். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை மகன், இனிப் போகும் என்றும் தோன்றவில்லை. அதோடு நான் இருந்துகொள்வேன். ஆனால் நீ எனக்கு இரக்கம் காட்டுவதோடு என்னால் இருக்க முடியாது. அடுத்த முறை நான் எழும்பிப் பிழையாக ஒன்றைக் கேட்டால், மண்டபம் நிறைந்த சனம் இருந்தாலும், "வாப்பா, நீங்க பிழை" என்று சொல். உன் பேராசிரியருக்குக் கொடுக்கிற மரியாதையை எனக்கும் கொடு.

உன் வாப்பா